புற்றுநோய்க்கு ஒரு பூசைக் கருத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் மாதா கோவிலில் முன்பெஞ்சில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருதயசாமி, அவர் மனைவி அடைக்கலமேரி, மதுரையில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் மகள் ஜென்சி, ஜென்சியைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த, பூண்டி ஊரில் பூண்டு விளைவிக்கும் டெனிஸ். பீடத்தருகே உபதேசியார் ஆக்னல். தாங்களும் கேட்டதாகச் சொல்லும் மற்றவர்கள் பின்னால் இருந்தவர்கள்.

ஆக்னல் பூசைக் கருத்துகளை, அன்றைய பூசை யார் யாருடைய வேண்டுதலுக்காக என்பதை, வாசித்தார். இறந்தவர்களுக்கு இரண்டு, பரீட்சைக்கு ஒன்று. கடைசியாக, "புராஸ்டேட் புற்றுநோய்க்காக, ஒரு குடும்பத்தார்."

இருதயசாமியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. தான் ஒரு கருத்துக் கொடுத்திருப்பதாக மனைவி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"நீயா?"

"ஆமாங்க. ஜென்சி தட்டுல வளக்குற புற்றுநோய் செல்லு பாதியிலயே செத்துப்போகுதாம். சோதனை முடியிற வரைக்கும் உசுரோட இருக்கணும்னு குடுத்தேன்."

"புற்றுநோய் நல்லா இருக்கணும்னு பூசை வைக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

டெனிஸ் திரும்பிப் பார்த்தார். பார்வையில் இரக்கம் இருந்தது. இருதயசாமியின் குடும்பம் யாரிடமும் இரக்கம் வாங்கிய குடும்பமல்ல.

பூசை முடிந்ததும் அவர் வாசலில் நின்று, அது தம் வீட்டுக் கருத்துதான் என்றும், தமக்கு எந்த நோயும் இல்லை என்றும் பள்ளிக்கூடக் குரலில் அறிவித்தார். வீட்டுக்குக் கிளம்பியவர்களெல்லாம் நின்றார்கள். ஆக்னல் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

தெம்பைக் காட்ட டெனிஸின் பூண்டு மூட்டையைத் தோளில் ஏற்றி மேட்டில் நடந்தார் இருதயசாமி. பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பிளம்ஸும் பேரிக்காயும் ஹார்லிக்ஸும் வீட்டில் குவிந்தன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். பாவம், பழம்கூட இறங்கவில்லை என்றது ஊர்.

இரத்தச் சோதனை செய்துகொண்டார். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை வழியில் கண்டவர்களிடமெல்லாம் நீட்டினார். டாக்டர்கூட அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று ஊர் முடிவுகட்டியது.

சனிக்கிழமை டெனிஸ் தேதி குறிக்க வந்தார். வாரம் முழுக்க ஏதாவது சாக்கில் வந்துகொண்டிருந்த ஆக்னலும் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"மறைக்காதீங்க சம்பந்தி," என்றார் டெனிஸ். "கல்யாணத்தை வெரசா வச்சிருவோம். நீங்க இருந்து பார்க்கணும்ல."

இருதயசாமி எழுந்தார். "நோயை மறைச்சுப் பொண்ணு குடுக்கிற குடும்பம் இது இல்லீங்க. அப்படி நெனச்சீங்கன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

ஜென்சி அவசரமாக நடுவில் வந்தாள்.

"மாமா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இதை அவுக்காதேன்னு மூட்டை மேல மையால குறி போடுவாங்கல்ல? செல்லுக்குள்ள ஜீனெல்லாம் ஹிஸ்டோன்ங்கிற உருண்டையில நூல் மாதிரி சுத்திக் கெடக்கு. அந்த உருண்டை மேல மெத்தில்னு ஒரு குறி விழும். கெட்டுப்போன செல்லைச் சாகச் சொல்ற ஜீன் இருக்கிற எடத்துல, புற்றுநோய் செல்லு 'அவுக்காதே'ன்னு குறி போட்டுருது. அதான் சாகாம நிக்குது. அந்தக் குறியைப் போட வைக்கிறதும் ஒரு ஜீன்தான்."

டெனிஸ் தலையாட்டினார். கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "அப்ப குறி போடுற ஜீனை நிறுத்திட்டா, பாப்பா?"

"மூட்டை அவுந்துரும். செல்லு செத்துரணும். அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்."

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து. கேட்டுக்கொண்டே ஜென்சி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தாள்.

"அப்பா, செத்துருச்சு! ஜீனை நிறுத்தின தட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுமே மிஞ்சலை. நிறுத்தாத தட்டு அப்படியே உசுரோட இருக்கு."

பெருமை தாங்காமல் இருதயசாமி மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெனிஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம்மா. அப்பாவுக்கு இதை எப்பக் குடுப்பாங்க?"

இருதயசாமி உட்கார்ந்துவிட்டார். மருந்தாக வர வருசக்கணக்காகும் என்று ஜென்சி சொன்னது யார் காதிலும் விழவில்லை, ஆக்னலைத் தவிர.

அவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சாருக்கு ஒண்ணும் இல்லீங்க. அம்மா குடுத்த கருத்தை நாளைக்குத்தான் வாசிக்கணும். வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு, சார் தன்னோடதுன்னு சொன்னதும் பேசாம இருந்துட்டேன். போன வாரம் வாசிச்சது எனக்கு."