காவல்துறை ஆலோசனை: சுசீலா

"இன்ஸ்பெக்டரம்மா குளிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்ப போன் அடிக்குது. பேங்க்ல கொள்ளை!" டைரக்டர் உத்தமன் இரண்டு கைகளையும் விரித்தார். "எப்படி மேடம் ஆரம்பம்?"

சென்னை பாடியில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் அலுவலக அறையைப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள். சுசீலா மட்டும் நிஜமான ஸ்டேஷனிலிருந்து வந்த நிஜமான கான்ஸ்டபிள். "டி.வி. தொடராம். தப்பு இல்லாம பாத்துக்க ஒரு லேடி வேணுமாம். நீ போ" என்று அவளுடைய இன்ஸ்பெக்டர் வீரராகவன் அனுப்பியிருந்தார்.

தொடரின் தொடக்கத்தில் 'காவல்துறை ஆலோசனை: சுசீலா' என்று பெயர் வரும். இதைக் கேள்விப்பட்ட அவள் அப்பா கோவிந்தன், ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டார். மகள் போலீஸில் சேர்ந்தபோது ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் அவர் வீட்டு டி.வி. முன்னால்தான் உட்காரப் போகிறார்கள். முதலில் மகளின் பெயர் வரும். அடுத்து இன்ஸ்பெக்டரம்மா குளிப்பார்.

"சார், கொள்ளைன்னா போன் ஸ்டேஷனுக்குத்தான் வரும். வீட்டுக்கு வராது." சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று மனதுக்குள் இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். சரிதான்.

"கரெக்ட்! அப்ப அம்மா ஸ்டேஷன்லயே இருக்காங்க." உத்தமன் எழுதிக்கொண்டார். "ஸ்டேஷன்ல பாத்ரூம் இருக்கா?"

"இருக்கு சார். ஆம்பளைங்களுக்காகக் கட்டினது. உள்தாழ்ப்பாள்கூடக் கிடையாது. நாங்க அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் போவோம்."

"தாழ்ப்பாளே கிடையாதா!" உத்தமனின் முகம் மலர்ந்தது. "ஜேம்ஸ், செட்ல பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டுப்பா!"

"கதவே இல்ல சார். ஸ்கிரீன் துணிதான் கட்டிக்கினு கீறோம்" என்றான் புரொடக்‌ஷன் மேனேஜர் ஜேம்ஸ்.

"அது இன்னும் நல்லாருக்கு."

சுசீலா குறுக்கே புகுந்தாள். "சார், ஸ்டேஷன்ல யாரும் குளிக்கவே முடியாது. லாரிக்காரன் ஊத்துற தண்ணி குடிக்கவே பத்தாது."

உத்தமன் எழுதியதை அடித்தார். "நீங்க சொன்னா சரி மேடம். குளியல் வேணாம்."

அவள் மூச்சு விட்டாள்.

"மழை" என்றார் உத்தமன்.

"மழையா?"

"அம்மா கொள்ளைக்காரனைத் துரத்திக்கிட்டு ஓடுறாங்க. கொட்டு கொட்டுன்னு கொட்டுது."

"எங்களுக்கு மழைக்கோட்டு உண்டு சார்" என்றாள் சுசீலா அவசரமாக. பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஆனா எங்க அளவுல வரல. ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க" என்றும் சேர்த்துவிட்டாள்.

'மழைக்கோட்டு கிடையாது' என்று எழுதிய உத்தமன், அதன் கீழ் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

அப்போது இன்ஸ்பெக்டராக நடிக்கும் பத்மா உள்ளே வந்தாள். காக்கிச் சீருடையை உடம்போடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரப் பார்த்து, முடியாமல், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"சார், இந்த டிரஸ்ல ஓட முடியாது" என்றாள் சுசீலா.

"எதுக்கு ஓடணும்? கால் தடுக்கி விழுந்து மயக்கம் போட்டுடுறாங்க. ஹீரோ சப்-இன்ஸ்பெக்டர் வந்து அலாக்கா தூக்கிக்கிறார். கொள்ளைக்காரனை அவரே பிடிச்சுடுறார்."

"அவருக்கு இந்தம்மா மேலதிகாரி சார். சல்யூட் அடிக்கணும். தூக்கக் கூடாது."

"மயக்கமா கிடக்கிறவங்களுக்கு எப்படி மேடம் சல்யூட் அடிக்கிறது? பாவம், உடம்பெல்லாம் சேறு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய், வெந்நீர் வெச்சு..."

குளியல் திரும்பி வந்துவிட்டது.

சுசீலா வெளியே போய் வாட்ச்மேன் அறையிலிருந்து வீரராகவனுக்கு போன் செய்தாள். "ஐயா, நம்ம டிபார்ட்மென்ட்டைக் கேவலமா காட்டுறாங்கய்யா. லேடி இன்ஸ்பெக்டரை மழையில நனைய விடுறாங்க."

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்றார் வீரராகவன். "பந்தோபஸ்து வேணும்ல?"

அரை மணியில் ஜீப் வந்தது. வீரராகவன் கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட வந்த கான்ஸ்டபிள்கள் நல்ல இடமாகப் பார்த்து நின்றார்கள். மழைக்கான தண்ணீர் லாரிகூட வந்துவிட்டது.

சுசீலா மூலையில் நின்றாள். வராமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. வாயைத் திறந்ததால்தான் இவ்வளவும்.

பத்மா மெதுவாக அவள் பக்கம் வந்தாள். "மேடம், போலீஸா நிறைய தொடர்ல நடிச்சுட்டேன். எல்லாத்துலயும் குளிச்சிருக்கேன். ஒரு திருடனையும் தொட்டதில்ல. எப்படிப் பிடிக்கணும்னு எனக்காவது சொல்லிக் குடுங்களேன்."

இது ஆலோசகர் வேலையில் சேருமா? சுசீலா யோசித்துப் பார்த்தாள். சேரும்.

"சார், ஒரு நிமிஷம் கையைக் குடுங்க."

உத்தமன் சிரித்துக்கொண்டே நீட்டினார். அடுத்த நொடி அவர் கன்னம் மேசைமேல் இருந்தது. வலது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது. நின்றிருந்த கான்ஸ்டபிள்கள் விறைப்பாக நின்றார்கள்.

"இப்படித்தான் பிடிப்போம் சார். இதுக்கு மழை வேணாம். தொளதொளன்னு ஒரு டிரஸ் போதும்."

"ஐயோ, விடுங்க சிஸ்டர்!" காலையிலிருந்து 'மேடம்' என்றவர் அவர்.

சுசீலா விட்டாள். அந்த நேரம் பார்த்து, போன் பேசப் போயிருந்த ஜேம்ஸ் ஓடிவந்து உத்தமனின் காதில் ஏதோ சொன்னான். உத்தமன் கையைத் தேய்த்தபடி கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"குளியல் வேணாம். மழையும் வேணாம். பத்மா, நல்லா லூசா ஒரு யூனிபார்ம் போட்டுட்டு வா. திருடனை நீயே பிடி."

வீரராகவனுக்குத் திடீரென்று ஸ்டேஷன் வேலை ஞாபகம் வந்தது. ஜீப் புறப்பட்டுப் போனது.

ஒரே டேக்கில் பத்மா திருடனின் கையை மடக்கினாள். திருடன் நிஜமாகவே கத்தினான். லைட் பிடித்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். பத்மா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சுசீலாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

சுசீலா மறுபடி வாட்ச்மேன் அறைக்குப் போய் அப்பாவின் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் செய்து அவரை அழைக்கச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடுப்பா. யாரையும் விட்டுடாதே."

திரும்பி வந்தபோது ஜேம்ஸ் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இன்ஸ்பெக்டரம்மாவின் மேசைமேல் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா ஜேம்ஸ்! டைரக்டர் என் பேச்சைக் கேப்பார்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள் சுசீலா. "ஆமா, அது என்ன பெட்டி?"

"சோப்புக் கம்பெனி ஸ்பான்சர் கயண்டுக்கினான் மேடம், இப்ப மிக்ஸிக் கம்பெனி வந்துகீது, திருடனைப் புடிச்ச கையோட இன்ஸ்பெக்டரம்மா சட்னி அரைக்கணும், ஸ்டேஷன்ல பிளக்கு எந்தச் செவுத்துல மேடம் இருக்கும்?"