எஞ்சினை அணைக்காமல் பெண் பார்த்த கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கேத்தியில் விதையும் உரமும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கேரட் விதைப் பாக்கெட்டில் விலை எழுதியதைத் தவிர எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் கட்டுரை எழுத வந்தது அதிகம்தான். ஆனால் இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, இப்போது கார் பள்ளத்தில் உருண்டது வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். உருளவில்லை. உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

முப்பத்தாறு வயதில் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கினேன். (கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் செய்தபோது நன்றாகத்தான் செய்திருப்பார்கள்.) குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாக்காரர் பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டு, ஊரைக் காலி செய்யும்போது ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குக் கொடுத்தார். இவ்வளவு பெரிய காரை ஏன் இவ்வளவு மலிவாகத் தருகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கூச்சம். கேட்கவில்லை.

அந்தக் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் உலகம் தள்ளிப் போய்விடும். பக்கத்தில் கேரட் லாரி போவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. தந்த நிறத்தில் தோல் சீட்டு. பழைய புத்தகத்தைப் பிரித்தால் வருகிற ஈர வாசனை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ஷெட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து கண்ணாடிகளை வெள்ளையாக்கும். எங்கேயோ மிதந்து போவது போல இருக்கும். (போக முடியாது. பெட்ரோல் இருக்காது.)

கொஞ்ச நாளில் கார் தன் குணத்தைக் காட்டியது. மழைக்கு முன்விளக்குக்குள் தண்ணீர் தேங்கி, மீன் விடலாம் போல ஆனது. ஒரு ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும், கெஞ்சினால் ஏறும். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், கார் வயிறு தரையில் படப் படுத்திருந்தது.

குன்னூர் மெக்கானிக் குனிந்து பார்த்தார். "இதுல ஸ்பிரிங்கு கெடையாதுங்க. நாலு சக்கரத்துக்கும் காத்துப் பை. லீக் ஆகுது."

"மாத்தறதுக்கு எவ்வளவு ஆகுமுங்க?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னார். நான் காருக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

"நாலுக்கும் சேர்த்துங்களா?"

"ஒண்ணுக்குங்க." பிறகு பாவம் பார்த்து ஒரு வழி சொன்னார். "எங்க நிறுத்தினாலும் எஞ்சினை மட்டும் அணைக்காதீங்க. ஓடிட்டிருந்தா பம்ப்பு காத்தடைச்சுட்டே இருக்கும். அணைச்சீங்கன்னா உக்காந்துக்கும்."

இந்தச் சமயத்தில்தான் கவிதாவின் போட்டோ வந்தது. கோத்தகிரி ரோட்டில் வீடு, டீ ஃபேக்டரி ஆபீசில் வேலை. போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதுவரை பதினோரு பெண்களைப் பார்த்திருந்தேன். எங்கேயும் வாய் திறக்காததால், சில வீடுகளில் திமிர் என்றார்கள், ஒரு வீட்டில் ஊமையா என்று விசாரித்தார்கள். இந்தப் போட்டோவை மட்டும் காருக்குள் வைத்துக்கொண்டு, மிதக்கிற சாயங்காலங்களில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். இது தவறிப்போனால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று காரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அம்மாவுக்கு அரை மனசு. "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்றாங்கடா கண்ணு. சும்மா பாத்துட்டு வருவோம். டீயோட சரி. முடிவாகாத ஊட்டுல கை நனைக்கக் கூடாது, தெரியுமல்ல?" இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா அதில் கறார்.

சனிக்கிழமை போனோம். தேயிலைச் சரிவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் காரை நிறுத்தி, சாவியை அப்படியே விட்டு, எஞ்சின் ஓட ஓட இறங்கினேன். கவிதாவின் அப்பா, ஃபேக்டரியில் கணக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர், கும்பிட்டுக்கொண்டே காரைப் பார்த்தார். "வண்டி ஓடிட்டிருக்குதுங்களே?"

பழைய கார், பை ஓட்டை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. பெரிய கார்க்காரன் என்று வந்துவிட்டு அதை எப்படிச் சொல்வது? "ஆமாங்க" என்றேன். அதற்கப்புறம் நான் பேசவில்லை.

உள்ளே உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் மெதுவாக வந்து, கூப்பிடாத விருந்தாளி மாதிரி மூலையில் நின்றது. கவிதா டீ கொண்டுவந்து என் முன்னால் நீட்டியபோது, எனக்கு அவள், டீ, பனி எதுவும் தனித்தனியாகத் தெரியவில்லை. வெளியே எஞ்சின் முனகிக்கொண்டே இருந்தது. சமையலறையில் அவள் அம்மாவின் குரல் கேட்டது. "வந்ததுமே போறதுக்கு நிக்கறாங்க. புடிக்கலையாட்ட இருக்குது."

காற்றுப் பைதான் காரணம் என்று சொல்ல நினைத்தேன். சூடான டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

கணக்கராக இருந்தவருக்குப் பெட்ரோல் வீணாவது பொறுக்கவில்லை. சத்தமில்லாமல் எழுந்து போனார். முனகல் நின்றது. சிரித்த முகத்தோடு திரும்பி வந்து, "நானே அணைச்சுட்டனுங்க தம்பி, நிதானமா உக்காருங்க" என்றார்.

வாசல் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு. நீளமான பெருமூச்சு. ஜன்னலில் தெரிந்த கார், பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு, பனிக்குள் இறங்கிக்கொண்டே போய்த் தரையோடு நின்றது. வெள்ளைக்குள் ஒரு வெள்ளை யானை படுத்த மாதிரி. இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. உயிர் போயிற்று.

மழையும் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். எஞ்சின் ஓடியது, கார் எழவில்லை. இத்தனை நாள் காற்றடித்த பம்ப்பு அன்றைக்கென்று கைவிட்டிருந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். மழையில் வர முடியாது என்றார். அடுத்த பஸ் நாலரைக்கு. மணி பன்னிரண்டே முக்கால்.

"பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் வண்டிலயே இருந்துக்கறேன்" என்று அம்மா காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நான். வீட்டுக்குள்ளிருந்து அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் மணத்தன. கெஞ்சாமலே ஜன்னல் கண்ணாடி இறங்கி, மணத்தை உள்ளே விட்டது. அம்மா முன்னால் பார்த்தபடியே இருந்தார். வயிறு மட்டும் சத்தம் போட்டது. (இன்றைக்கும் அது என் வயிறுதான் என்கிறார்.)

ஒன்றரை மணிக்கு ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே கவிதா.

"ஏனுங்கத்தை, இத்தாப்பெரிய வண்டியே எங்கூட்டு வாசல்ல உக்காந்துருச்சு. நீங்க எறங்கிவந்து ஒரு வாய் சாப்புட்டா என்னங்க?"

அம்மா என்னை முறைத்தார். நான் செத்தேன். வாயைத் திறந்தேன். "அம்மா, காத்துப் பை ஓட்டைங்கம்மா. அதுனாலதான் எஞ்சினை அணைக்கலை. போறதுக்கு இல்லீங்க. எனக்குப் போறதுக்கு மனசே இல்லீங்க." முதல் பாதி அம்மாவுக்கு. மறுபாதியை யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

போட்டோவில் அடக்கியிருந்த சிரிப்பை அவள் அப்போது விட்டாள்.

அம்மா இறங்கப் பார்த்தார். கார் அவ்வளவு தாழ்ந்திருந்ததால் எழ முடியவில்லை. கவிதா கையை நீட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துவிட்டு, பிடித்து எழுந்தார். "வாய் ஜாஸ்திதான்" என்றார் என்னிடம். "சோறு ஆறிப்போயிரும், நட."

கல்யாணமாகி ஒன்பது வருடமாகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சேர் நுனியில் உட்கார்ந்தால் போதும், கவிதா சொல்லிவிடுவாள்: "எஞ்சினை அணைச்சுட்டு உக்காருங்க." தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் வெளியே போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக்குக்கு லீவு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கவிதா வீட்டு வாசலில் விட்டுவந்த காரைப் பார்க்க எட்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டேன்.