ஒரே மாதத்தில் இரண்டு வாடகை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் கோபமும் ஒருவழியாக இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன் ஆவதற்கான பத்து மாதப் படிப்பில் சேர வேண்டும் என்றாள் உங்கள் தங்கை. என் ஒரு சம்பளத்தில் பத்து மாதம் ஓட்ட முடியுமா என்று நான் உத்தரத்தைப் பார்த்தேன். தணிக்கை ஆபீசிலேயே தலை நரைத்த நீங்கள், "மூணு மாசச் செலவுக் கணக்கைக் காட்டுங்க மாப்பிள்ளை. சரியா வந்துச்சுன்னா பாதி ஃபீஸ் நான் கட்டுறேன். ஆனா காசை எண்ணுறதுக்குக் காசு செலவு பண்ணிடாதீங்க, இலவசமா ஏதாவது பார்த்துக்குங்க" என்றீர்கள். இலவசம் என்ற சொல்தான் என்னைப் படுத்தியது.

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவனை எல்லோரும் 'ஓசி' என்றுதான் கூப்பிடுவோம். அவன் காசு கொடுத்து டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை. இலவச விஷயத்தில் அவனை விட்டால் ஆள் ஏது என்று அவனையே கேட்டேன். அவன் என் போனை வாங்கி ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தான், சுத்தமாக இலவசம், ஆனால் ஒவ்வொரு செலவையும் பதிவதற்கு முன் அரை நிமிஷம் ஒரு விளம்பரம் பார்க்க வேண்டும். பால் பாக்கெட்டைப் பதிய உட்கார்ந்தேன், கழுத்துத் தலையணை விளம்பரம் வந்தது, மச்சான், நாள் முழுக்க அண்ணாந்து கேபிளைப் பார்க்கிறவன் நான், என் கழுத்து கேட்குமா, வாங்கிவிட்டேன். வாங்கினதைப் பதிய வேண்டாமா, பதியப் போனால் காய்கறி நறுக்கும் கருவி, அதைப் பதியப் போனால் இருட்டில் ஒளிரும் பெல்ட். மூன்றாவது வாரம் ஆப்பே வட்டப் படம் போட்டுக் காட்டியது. அதில் பெரிய துண்டு, இந்த ஆப்பைப் பார்த்து வாங்கியவை. உங்கள் தங்கை அந்தப் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து, "இதைக் கட்டிக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்று கேட்டாள். அன்றே அந்த ஆப்பை அழித்தேன்.

இரண்டாவது ஆப்பில் விளம்பரம் கிடையாது. அதையும் ஓசிதான் கொடுத்தான். அதில் மூன்று தலைப்பு மட்டும் இலவசம், நாலாவது வேண்டுமென்றால் மாதச் சந்தா. சரி, சாப்பாடு, போக்குவரத்து, மற்றவை என்று மூன்று வைத்தேன். மனிதன் வாழ்க்கை மூன்று தலைப்புக்குள் அடங்குமா, அடங்கவில்லை. பல் அடைத்த செலவை எதில் போடுவது? மெல்லுவதற்குத்தானே பல் என்று சாப்பாட்டில் போட்டேன். செருப்புத் தைத்ததைப் போக்குவரத்தில் போட்டேன். உங்கள் சின்ன மகளுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கியதை மற்றவையில் போட்டதுதான் தப்பு. "என் அண்ணன் பொண்ணு உங்களுக்கு மத்ததா?" என்று ஆரம்பித்தவள் இரண்டு நாள் நிறுத்தவில்லை. நான் அதையும் சாப்பாட்டுக்கு மாற்றினேன். இப்படியாக, நாங்கள் தின்றே அழிகிறோம் என்று அந்த ஆப் சொல்லிவிட்டது.

கடைசியில் எங்கள் ஸ்டோர் கீப்பர் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "எதுக்குய்யா இந்த அவஸ்தை? கட்டம் போட்ட கணக்குத்தாள் போன்லயே இலவசமா இருக்கே. நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் ஒரே தாளைத் திறந்து எழுதலாமே" என்றார். விளம்பரம் இல்லை, சந்தா இல்லை, தலைப்பு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், கூட்டலை அதுவே போடும். ஒரு செலவுகூட விட்டுப்போகக் கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் கையடித்துக்கொண்டோம். இரண்டாவது வாரமே கூட்டுத்தொகை சிவப்பாகிவிட்டது. ஒரு சம்பளம் என்ன, இரண்டு சம்பளமே எங்களுக்குப் போதவில்லை என்றது தாள். பேங்க் கணக்கைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பயம், மச்சான்.

அன்றிலிருந்து ஏழு வாரம். பஸ்ஸை விட்டு நடந்தேன், அதுதான் முழங்கால். ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோனேன், முதல் தடவையாக ஓசி என்னைக் கேவலமாகப் பார்த்தான். உங்கள் தங்கையே எனக்கு முடி வெட்டினாள், அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். சிவப்பு மட்டும் போகவில்லை. ஒருநாள் அவள் அந்தப் படிப்பின் விண்ணப்பத்தை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், விடுங்க" என்றாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான், அதையும் நான் தின்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

நேற்று ஏழாவது மாடியில் ஒரு லிஃப்ட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, உதிரி பாகம் வரும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்து தாளை மேலிருந்து படித்தேன். அதுவரை நான் கூட்டுத்தொகையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. 'ஷூ' என்று ஒரு வரி, நாலு வரி தள்ளி 'அவருக்கு ஷூ'. எனக்கு இருப்பதோ இரண்டே கால். 'வாடகை' என்று ஒன்று, 'வீட்டு வாடகை' என்று இன்னொன்று, இரண்டும் ஒரே மாதம். நாங்கள் ஒரு வீட்டில்தான் மச்சான் குடியிருக்கிறோம்! அவள் மறந்துவிடுவாள் என்று எல்லாவற்றையும் நான் ஏற்றியிருக்கிறேன், நான் மறந்துவிடுவேன் என்று எல்லாவற்றையும் அவளும் ஏற்றியிருக்கிறாள். தணிக்கைக் குடும்பத்தில் பிறந்தவளையும், ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முடுக்கிப் பார்க்கும் என்னையும் ஒரே தாளில் விட்டால் வேறென்ன நடக்கும்? உட்கார்ந்த இடத்திலேயே கத்திவிட்டேன். யாரோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று வாட்ச்மேன் மாடியேறி ஓடி வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் பாதியாக்கிப் பார்த்தேன். என் ஒரு சம்பளத்திலேயே நாங்கள் தாராளமாக ஓட்டலாம். இந்த ஏழு வாரம் வயிற்றைக் கட்டியதில் முழு ஃபீஸுக்கும் பணம் சேர்ந்திருக்க வேண்டும், மேலே கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஆகவே உங்கள் பாதி வேண்டாம், ஆசி போதும். ஃபீஸ் கட்டும் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஃபீஸ் கட்டுவதற்கு முன், இவ்வளவையும் கண்டுபிடித்த எனக்கு ஒரு சின்னப் பரிசாக, முழங்காலை அமுக்கிவிடும் நாற்காலி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நாளை கடைக்குப் போகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், சாப்பாட்டில் சேர்க்கப்பட்ட சின்னவளுக்கு ஒன்று கூடுதல். எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, கவரை ஒட்டி அனுப்பச் சொல்லி உங்கள் மாப்பிள்ளை இதை என்னிடம் கொடுத்தார், அதனால் நான் எழுதுகிறேன். வாடகை இரண்டு முறை ஏறியிருப்பதை முதல் வாரமே பார்த்துவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை. கடைக்குள் போன மனிதர் வெறுங்கையோடு வெளியே வந்ததை இந்த ஏழு வாரத்தில்தான் பார்க்கிறேன். விண்ணப்பத்தை மடித்து வைத்த அன்று அவர் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட இருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். முழு ஃபீஸும் இன்று காலை கட்டிவிட்டேன், திங்கட்கிழமை வகுப்பு. அதைத் தாளில் என் பங்குக்கு ஒரு முறை ஏற்றியிருக்கிறேன். நாற்காலிக் கடைக்குப் போகுமுன் அவர் பார்ப்பார், கொஞ்சம் முறைப்பார், பிறகு தன் பங்குக்கு இன்னொரு முறை ஏற்றுவார்.