சூரியனுக்குப் போட்ட துண்டு

முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சாரக் கணக்கெடுத்தவர் மீட்டர்காரர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். முன்பக்கக் கூரையில் இரண்டு சோலார் பலகை பொருத்தினார். மனைவியோடு கரையோரமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். விளக்கு, ஃபேன், போன், படகைத் தானே திருப்பிக்கொண்டு போகும் தானியங்கிச் சுக்கான், எல்லாமே வெயில் போட்ட பிச்சைதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் நிம்மதியைக் கெடுத்தது மகளின் போன். "போதும்மா இந்தத் தண்ணி வாழ்க்கை. என்கூட வந்து இரு" என்று தினமும் அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் இந்தப் படகு எதற்கு, கடல்தான் எதற்கு?

பேசினால்தானே வம்பு? சார்ஜ் இருந்தால்தானே பேச்சு?

வாயால் பொய் சொன்னால் செல்லாது. மனைவி உள்ளே இருக்கும் பேட்டரி மீட்டரைப் பார்ப்பாள். ஆகவே, ஊரார் மீட்டரில் செய்த தில்லுமுல்லுகளையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்த அந்த உத்தமர், விடிந்ததும் முன்பக்கம் போய், காயப்போடுகிற சாக்கில் ஒரு பெரிய ஈரத் துண்டைப் பலகைகளின் மேல் விரித்தார். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அவை படுத்துவிடும். இவர் போர்த்தியே விட்டார்.

மத்தியானம் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. பேட்டரி நாப்பத்தஞ்சு சதவீதம். இனிமே போனுக்கெல்லாம் சார்ஜ் கிடையாது."

அவள் மீட்டரைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை. சண்டை போடவில்லை. அப்போதே இவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அய்யய்யோ! எதுங்க ரொம்ப கரண்ட் இழுக்குது?"

"தானியங்கிச் சுக்கான்தான்." தொழில் விஷயம் கேட்டால் அவருக்கு உண்மை மட்டும்தான் வரும்.

"முதல்ல அதை நிறுத்துங்க. கையால பிடிங்க."

"நாள் பூராவா?"

"வேற வழி? சார்ஜ் இல்லேன்னு நீங்கதானே சொல்றீங்க. மீட்டரை நான் பாத்துக்கறேன்."

மூன்று நாள். பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி வெயிலில் வதங்கினார். கையை எடுத்தால் படகு திரும்பிவிடும். முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் பாய் விடவில்லை. மனைவி மட்டும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "நாப்பது!" "முப்பத்தஞ்சு!" "முப்பதுக்கு வந்துடுச்சுங்க!" சாயங்காலம் அவளே முன்னால் போய் நங்கூரம் போட்டதும் இவர் அடித்துப்போட்ட மாதிரி சாய்ந்துவிடுவார். உள்ளங்கை கொப்புளித்தது. அதைவிட மனசு உறுத்தியது. ஆயுசில் ஒரு எண்ணைக்கூடத் திருத்தாதவர், கட்டினவளிடம் போய் இப்படிச் செய்துவிட்டாரே!

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று விழுந்து படகு நின்றது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று உள்ளே இறங்கினார்.

உள்ளே ஃபேன் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொண்ணூற்றெட்டேதான்.

"துண்டு..." என்றார்.

"காஞ்சுடுச்சு. முதல் நாளே எடுத்து மடிச்சு வெச்சிட்டேன்."

"அப்ப பொண்ணுகிட்ட பேசினியா?"

"தினமும்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போறியா?"

அவள் அவர் கையை இழுத்து மடியில் வைத்துக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவினாள். "வாயைத் திறந்து கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. உங்களை விட்டுட்டு நான் எங்க போறது? வரலைன்னு சொல்லிட்டேன்."

அவருக்குக் கண் கலங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

"அதனால அவ இங்க வர்றா. அடுத்த துறைமுகத்துல ஏறிக்கறாளாம், சம்பந்தியம்மாவோட, ஒரு மாசத்துக்கு. அந்தம்மாவுக்கு நாள் பூரா ஃபேன் ஓடணுமாம். சார்ஜ் பத்துமாம்மான்னு கேட்டா. தாராளமா பத்தும், உங்கப்பா இப்பல்லாம் சுக்கானைக் கையாலயே பிடிக்கறார்னு சொல்லிட்டேன்."