திரைச்சீலைக்குள் போன குண்டுகள்

அன்பு மைத்துனருக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா சுகம், மகள் சுகம், தையல் மெஷினும் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. அங்கே நீங்களாவது நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசலாம் என்றால், நான் போனைக் கையில் எடுத்ததுமே உங்கள் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் இந்தக் கூரியர்.

போன வாரம் பல் டாக்டரின் கிளினிக்குக்கு நான்கு திரைச்சீலை தைத்தேன். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அடி மடிப்புக்குள் சின்ன ஈயத் துண்டுகள் வைத்துத் தைக்க வேண்டும். வாங்கி வரும்படி உங்கள் அக்காவிடம் சொல்லியிருந்தேன். மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் லேபிள் கிழிந்த தட்டை டின் ஒன்று இருந்தது. திறந்தால் மிளகு அளவில் ஈயம், நூற்றுக்கணக்கில். சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்திருக்கிறாளே என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, அத்தனையையும் வரிசையாக வைத்துத் தைத்து, இஸ்திரியும் போட்டு, வெள்ளிக்கிழமை மாட்டிவிட்டு வந்தேன். டாக்டர் கை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் யாரோ தோழியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "என் பிஸ்டலுக்கு ஒத்து வர்ற குண்டு ஒரு டின்தான் மிச்சம். சனிக்கிழமை செலக்‌ஷனுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அலமாரிக்கு ஓடினேன்; நான் காலி செய்த டின்னைத் தவிர வேறு டின் இல்லை. போன தடவை துப்பாக்கி சுடும் போட்டித் தேர்வில் ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு போனபோது, மூன்று நாள் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள், எழுந்து போனாள். இளையோர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். நீங்கள் பிஸ்டல் வாங்கிக் கொடுத்து, நிற்கக் கற்றுக் கொடுத்து, மூச்சைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தீர்கள். நான் குண்டுகளைத் திரைச்சீலைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

இன்று காலை துப்பாக்கிக் கடைக்கு ஓடினேன். ஏர் பிஸ்டலுக்குக் குண்டு வேண்டும் என்றதும், மூக்கு தட்டையா, உருண்டையா, கூரா என்று கடைக்காரர் கேட்டார். ஊசி பிடித்துப் பிழைத்தவன் கூர் என்றுதானே சொல்வேன்? போட்டி என்றால் கூர்முனை ஆகாதாம், குறி அட்டையைக் கிழித்துவிடுமாம். தட்டை மூக்குதான் வட்டமாக வெட்டித் துளை போடும், அப்போதுதான் புள்ளி எண்ணும்போது சண்டை வராது என்றார். பக்கத்தில் பளபளவென்று எஃகு உருண்டைகள் இருந்தன. உறுதியாக இருக்கிறதே என்று கையை வைத்தேன். குழலின் உட்பக்கத்தைச் சுரண்டிவிடும் என்று டப்பாவையே நகர்த்தி வைத்துவிட்டார். கனமா லேசா என்று கேட்டு, பிஸ்டலுக்கு லேசு போதும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தால், குண்டின் அகலம் நாலு புள்ளி நாலு ஒன்பதா, நாலு புள்ளி ஐந்தா என்கிறார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசமாம். நாற்பது வருடமாக அரை அங்குலம் கூடக்குறைய வெட்டித்தான் ஊருக்கே பேன்ட் போட்டுவிட்டிருக்கிறேன், ஒருவருக்குக்கூட நழுவி விழவில்லை. எது நல்லது என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு குழலுக்கு ஒவ்வொண்ணு ஒத்து வரும். பிஸ்டலை அசையாம மாட்டி வச்சு, ஒவ்வொரு டின்லயும் அஞ்சஞ்சு சுட்டுப் பாருங்க. எது ஒரே ஓட்டையில விழுதோ அதுதான் உங்க குண்டு" என்றார்.

மகளுக்குத் தெரியாமல் நான் எங்கே போய்ச் சுடுவது? பயத்தில் இரண்டு அளவிலும் ஒவ்வொரு டின் வாங்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்க, நான் தரையில் மண்டிபோட்டு மடிப்பைப் பிரித்தேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னைவிட நீங்கதான் நிறைய பிடுங்கறீங்க" என்றார். பிடுங்கியதை, இது எந்த அளவு என்று கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், குண்டுக்கு இடுப்பு உண்டு, கீழே பாவாடை உண்டு, பாவாடை நசுங்கினால் நேராகப் போகாது, இது எல்லாமே நசுங்கியிருக்கிறது என்றார். எத்தனை பாவாடை தைத்திருப்பேன். இஸ்திரி போட்டு ஒன்றைக்கூடக் கெடுத்ததில்லை.

ஆகவே மைத்துனரே, அவள் குழலுக்கு எந்த அளவு என்பதை இந்தக் கடிதம் கண்டதும் தெரிவிக்கவும். உங்கள் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். மகளுக்குத் தெரியவே வேண்டாம். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் கவலையில் பாதி.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட அத்தான்

பின்குறிப்பு: கூரியர் ஆள் வருவதற்குள் மகள் வந்துவிட்டாள். மேஜையில் இரண்டு டின்னைப் பார்த்து, யாருக்குப்பா இது என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பையைத் திறந்து, டேப் ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்த தன் டின்னைக் காட்டினாள். அலமாரியில் இருந்தது கீழே விழுந்து அடிபட்ட குண்டுகளாம், தூக்கிப் போட வைத்திருந்தாளாம். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கில், சனிக்கிழமை நான் பார்க்க வரட்டுமா என்று முதல்முறையாகக் கேட்டுவிட்டேன். "வாங்கப்பா. ஆனா கடைசி வரிசையில உக்காருங்க. நீங்க பயந்தா விடற மூச்சு எனக்குக் கேக்கும்" என்றாள். அப்போதிருந்து சத்தமில்லாமல் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சு வலியா என்று உங்கள் அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.