ஹர்மாகோஸ்கியைக் காப்பாற்றியது நானில்லை

வால்தம்ஸ்டோ, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் அன்புக்குமுரிய சச்சிதானந்தன் அத்தானுக்கு மைத்துனன் கிருஷ்ணராசா எழுதிக்கொள்வது. பிள்ளையாரின் புண்ணியத்தில் இங்கு நானும் சிவனேஸ்வரியும் சுகம். பின்லாந்துக் குளிரில் நீங்களும் சுசிலா அக்காவும், முக்கியமாக உங்கள் இடது முழங்காலும், அதேபோல் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க. இந்தச் சொல்லை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஏனென்று கீழே வாசிப்பீர்கள்.

ஹர்மாகோஸ்கி ஊரின் நூற்றாண்டு வரலாற்றுப் புத்தகக் குழுவில் உங்களையும் போட்டிருக்கிறார்கள் என்றதும் இங்கே கேசரி கிண்டியவன் நான். ஆனால் நீங்கள் அனுப்பிய எண்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ‘அயல் நகரத்தோடு இணைக்கும் தீர்மானத்தை ஒரே வாக்கால் தோற்கடித்து எங்கள் ஊரைக் காப்பாற்றிய வீரர்’ என்று எழுதி, பக்கத்தில் என் படம், அதுவும் காதை மூடுகிற தொப்பியோடு! அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாம். அத்தான், அதற்கு முன் என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த ஊரைக் காப்பாற்றியது நானில்லை.

அப்போது நீங்கள் ஒஸ்லோவில் இருந்தீர்கள், ஆகவே முழுக்கச் சொல்கிறேன். அந்த ஊரைத்தான் தெரியுமே. கடதாசி ஆலைக்காரர் வந்து ஆலையைக் கட்டி, வீட்டைக் கட்டி, பள்ளிக்கூடத்தைக் கட்டி, ஆலைச் சங்கு ஊதினால்தான் சனம் வாயில் சாப்பாடு வைக்கும் என்று பழக்கி வைத்திருந்த ஊர். நூறு வருசத்துக்கு முந்திய உள்நாட்டுச் சண்டையில் சிவப்பு, வெள்ளை என்று பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நான் அந்த ஆலைக்கு வேலைக்குப் போன காலத்திலும் ஆளுக்கொரு சங்கக்கடை, ஆளுக்கொரு விளையாட்டுக் கழகம். சிவப்பு வீட்டுக்காரர் வெள்ளைக் கடையில் பால் வாங்கினால் அன்றைக்கு அந்த வீட்டில் கதை பேச்சில்லை. கோயில் உபயத்துக்குச் சண்டை பிடித்த சனத்தில் வந்த எனக்கு அங்கே ஒன்றுமே புதிதாகத் தெரியவில்லை.

பிறகு ஆலையை மூடினார்கள். பெரிய ஊரோடு இணைவதா, தனியாக இழுபடுவதா என்று நகரசபையின் இருபத்தொரு பேரும் பத்தும் பத்தும் ஒன்றுமாகப் பிரிந்து நின்றார்கள். இன்னும் முடிவு சொல்லாத அந்த ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்குப் பதிலாள் நான். ஆலையில் கூட வேலை செய்தவர்கள் பகிடிக்கு என்னைத் தேர்தலில் நிற்பாட்டி, பதினான்கு வாக்குப் போட்டதில் வந்த வினை அது. எங்கள் கட்சித் தலைவி ஹெலேனா என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, “வாக்கு மெசின் பழுது. இணைப்புக்கு எதிரான ஆக்கள் எழும்பி நிக்கவேணும், ஆதரவான ஆக்கள் கதிரையிலை இருக்கவேணும். நாங்கள் ஆதரவு. நீர் பேசாமல் இருந்தால் போதும், ஏலுமோ?” என்று கேட்டா. அத்தான், சும்மா இருக்க ஏலாது எண்டு ஆராவது சொல்லுவினமோ? “ஓம், இருப்பன்” எண்டன்.

சபைத் தலைவர் எழும்பச் சொன்னார். பத்துப் பேர் எழும்பினார்கள். நான் கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது கதவு திறந்து, தொப்பியில் பனியோடு போர்மன் லெப்பனென் உள்ளே வந்தார். ஆலையில் பதினொரு வருசம் எனக்கு மேலே இருந்த மனிதர். அவர் கன்ரீனுக்குள் கால் வைத்தால் நான் கோப்பிக் கோப்பையோடு எழும்புவேன். “இரு, இரு” என்று அவர் வெட்கத்தில் சிவந்து போவார். அடுத்த நாளும் எழும்புவேன். மூத்தவர் நிற்க நான் குந்திக்கொண்டிருப்பதா? புத்தி வேண்டாம் என்றது, கால் கேட்கவில்லை. எழும்பிவிட்டேன். தலைவர் “பதினொன்று” என்று சுத்தியலால் அடித்துவிட்டார். நான் உடனே திரும்பக் குந்திப் பார்த்தேன். அடித்தால் அடித்ததுதானாம்!

ஹெலேனா இன்றுவரைக்கும் என்னோடு கதையில்லை. அது போகட்டும். கூட்டம் முடிய லெப்பனென் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். இணைந்திருந்தால் ஊர்ப் பள்ளிக்கூடம் போயிருக்கும், அதில்தான் அவருடைய பேத்தி படித்தாள். கண் கலங்கி “நன்றி” என்றார். அந்த இடத்தில் எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்? பதினைந்து வருசமாக அந்த நல்ல மனிதரை ஏமாற்றிக்கொண்டு திரிகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அத்தான்.

இங்கே நடக்கிற கூத்து வேறு. நீங்கள் அனுப்பிய பக்கத்தை சிவனேஸ்வரி விம்பிள்டன் கோயிலில் பிரசாதத்துக்கு நின்ற வரிசை முழுவதற்கும் காட்டிவிட்டா. பக்கத்து வீட்டு யேசுரட்ணம் அண்ணை வந்து, “தம்பி, ஒரு நகரத்தையே காப்பாத்தின ஆள் நீர், எங்கடை தெருக் குப்பைத்தொட்டியைக் காப்பாத்தமாட்டீரோ?” என்று கேட்டு, தெருக்காரர் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பேச்சு நடந்துகொண்டிருக்க என்னை முதுகில் தட்டி எழுப்பிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்கினம். நான் வாசலைப் பார்த்தேன். கூட்டம் நடத்திய பெண் மிக மரியாதையாக, கழிப்பறை இடது பக்கம் என்றா. நன்றி சொல்லிப் போய்வந்தேன்.

ஆகவே என் பெயரை வெட்டுங்கள், படத்தை வெட்டுங்கள், விழாவுக்கு நான் வரமாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் முழங்காலுக்கு எல்லாத் தெய்வங்களும் துணை.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மைத்துனன்,
கிருஷ்ணராசா

பி.கு.: உறையை ஒட்டின பிறகு, “முதல்லை அந்த மனிசனிட்டை சொல்லுங்கோ” எண்டு சிவனேஸ்வரி விடேல்லை. முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்தன். லெப்பனெனுக்கு எண்பத்தாறு வயது, குரல் மட்டும் இன்னும் மெசின் சத்தத்துக்கு மேலாலை வருகுது. “ஐயா, நான் ஊருக்காக எழும்பேல்லை, உங்களைக் கண்டுதான் எழும்பினனான்” எண்டன். அங்காலை ஒரே சிரிப்பு. “அது எனக்குத் தெரியாதோ? பின்னை ஏன் அந்தப் பனியிலை ஒரு மணித்தியாலம் கதவுக்கு வெளியிலை நிண்டனான்? தலைவர் எழும்பச் சொன்ன சத்தம் கேட்டாப்பிறகுதான் திறந்தனான்” எண்டார். பதினைஞ்சு வருசமா அந்த மனிசனும் என்னிட்டைச் சொல்லேல்லை அத்தான்! தன்ரை பேரைப் போட்டால் ஹெலேனா முதியோர் இல்லத்துக்கே வந்திடுவாவாம், அதாலை என்ரை பேரே இருக்கட்டுமாம். படத்தையும் அப்பிடியே விடுங்கோ. நானும் சிவனேஸ்வரியும் விழாவுக்கு வாறம். அவரும் சக்கர நாற்காலியிலை வாறாராம். “நான் உள்ளுக்கு வரேக்கை இந்த ஒருக்காலாவது நீ இருக்கவேணும்” எண்டு கடுமையாச் சொன்னார். “ஓம் ஐயா, கட்டாயம் இருப்பன்” எண்டு வாக்குக் குடுத்திட்டுப் போனை வைச்சன். சிவனேஸ்வரி சொல்லித்தான் கவனிச்சன், அவ்வளவு நேரமும் நான் எழும்பி நிண்டுதான் கதைச்சிருக்கிறன்.