மூன்றில் ஒரு பங்கு கிணறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், நம் தேசத்தின் முன்னேற்றம் சரியாக மூன்று சமபாகங்களாகப் பிரிக்கப்பட்டது. பிரித்தவன் நான்தான். பெயர் கலீல் ரஹ்மான். சொந்த ஊர் அறந்தாங்கி. உத்தியோகம், புதுக்கோட்டைச் சீமையில் ஒரு பிளாக் ஆபீஸில் குமாஸ்தா. எந்த பிளாக் என்று கேட்காதீர்கள். என் பிரமோஷன் உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் ஒரு பெட்டிக் கேமராவும் வந்து சேர்ந்தன. இனிமேல் ரோடு, பாலம், கிணறு எது முடிந்தாலும் அறிக்கையோடு போட்டோ வைத்து அனுப்ப வேண்டும் என்றது சுற்றறிக்கை. ஆபீஸில் கை நடுங்காதவன் நான் ஒருவனே என்பதால் கேமரா என் மேஜைக்கு வந்தது.

முதல் ரோலில் எட்டுப் படம். மரம் நடு விழாப் படத்தில், எங்கள் பி.டி.ஓ. ரத்தினவேல் சாரின் உச்சந்தலையிலிருந்து மரம் முளைத்திருந்தது. கோழிப்பண்ணைத் திறப்பு விழாவில் சாருக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. கோழி மட்டும் முழுசாக விழுந்திருந்தது. அப்படியும் சாரை எல்லோரும் சுலபமாக அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"ரஹ்மான், இதை மேல அனுப்பினா கோழிக்குத்தான் பிரமோஷன் குடுப்பாங்க" என்றார் சார்.

மறுவாரமே திருச்சியில் மூன்று நாள் 'புகைப்பட அமைப்புப் பயிற்சி'க்கு அனுப்பி வைக்கப்பட்டேன்.

முதல் நாள் பாடம்: மனசுக்குள் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டுப் படத்தை மூன்று மூன்று சமபாகமாகப் பிரிக்க வேண்டும். முக்கியமானதை நடுவில் நிறுத்தாமல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டாம் நாள் பாடம்: பார்க்கிறவன் கண்ணை உள்ளே கூட்டிப்போக ஒரு பாதையோ வரப்போ வேண்டும். மூன்றாம் நாள்தான் உச்சம். கதர் ஜிப்பா போட்ட வாத்தியார் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, வேண்டாததையெல்லாம் அதற்கு வெளியே தள்ளிவிடச் சொன்னார். பதினேழு பிளாக் குமாஸ்தாக்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம். யாருக்கும் இது புதிதாகப் படவில்லை. எல்லோருமே வருஷக்கணக்கில் அறிக்கை எழுதியவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அஜீசாவை வைத்துப் பழகிப் பார்த்தேன். படத்தைக் கையில் வாங்கியவள் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் இந்த மூலையில நிக்கிறேன். நடுவுல ஒண்ணையும் காணாமே?"

"அது 'காலி இடம்'. பார்க்கிறவங்க மனசு மூச்சு விடுறதுக்கு."

"யாரு வந்து நிக்கிறதுக்கு எடம் போட்டு வச்சிருக்கீங்க?"

அன்றைக்கு எனக்கு வெறும் சோறு. ஆணம் ஊற்றவில்லை. கலைக்காகப் பட்டினி கிடந்தவர்கள் வரிசையில் நானும் சேர்ந்தேன்.

இந்த நிலையில்தான் பாறைக்குடிப்பட்டிக் கிணறு வந்தது. முப்பதடி தோண்ட வேண்டிய கிணறு, பத்தாவது அடியில் பாறை தட்டி நின்றுபோயிருந்தது. ஆனால் சிமெண்ட் முன்னாலேயே வந்துவிட்டது. அது இறுகிப் போவதற்குள் சுற்றுச்சுவரைக் கட்டி, ராட்டினம் மாட்டி, பெயர்க்கல்லும் பதித்து முடித்திருந்தோம். தண்ணீர் மட்டும் பாக்கி. அறிக்கை போவதற்கு நாலு நாள் இருந்தது.

"உள்ள பாறைதான் சார் கெடக்கு" என்றேன்.

"உங்களை யாரு உள்ள எடுக்கச் சொன்னா? மூணு நாள் எதுக்குப் படிச்சீங்க?"

ஜீப்பில் போய் இறங்கினோம். அந்த ஊரிலிருந்து மாதம் தவறாமல் மனு கொடுக்கிறவள் மூக்காயி. ஐம்பது வயசிருக்கும். இரண்டு மைல் தள்ளியிருக்கிற ஊரணியிலிருந்து இடுப்பில் குடத்தோடு அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முதல் தடவையாக சார் முகம் மலர்ந்தது.

"இந்தம்மா, அந்தக் கொடத்தோட கெணத்துக்கிட்ட வந்து நில்லு. இப்பத்தான் எறைச்ச மாதிரி."

"இது ஊரணித் தண்ணிங்க."

"படத்துல அதெல்லாம் தெரியாது."

"எதுக்குங்க படம்?"

"படம் மேல போனாத்தான் பாறைக்கு வெடி வைக்க உத்தரவு வரும்" என்றார் சார், கண்ணைக்கூட இமைக்காமல்.

மூக்காயி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் வந்து நின்றாள். நான் ஒற்றையடிப் பாதை வளைகிற இடமாகப் பார்த்துத் தரையில் படுத்தேன். தாழ இருந்து பார்த்தால் சுவர் உயர்ந்து நின்றது, பள்ளம் மறைந்தது. கிணறு வலது பாகத்தில், மூக்காயி இடது பாகத்தில். ஒரே ஒரு குறை. சுவர் காய்ந்து கிடந்தது.

"கொஞ்சம் ஈரம் இருந்தா பளபளப்பு வரும் சார்" என்றேன். இந்த யோசனை என்னுடையதுதான். சாருக்கு அதில் பங்கில்லை.

சார் குடத்தைப் பார்த்தார். மூக்காயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊத்திட்டா இன்னிக்கு ஒலை வைக்கத் தண்ணி இல்லைங்க."

"வெடிக்குத்தானம்மா" என்றேன் நான்.

அவள் குடத்தைச் சாய்த்துச் சுவர் நெடுகத் தானே ஊற்றினாள். பாதிக் குடம். காரை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் படுத்திருந்த எனக்குக் கேட்டது. வெயில் அதைக் காய வைப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

மேலிடம் திருச்சியில் நடத்திய கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. 'பொங்கும் புனலும் பூரிக்கும் பெண்மையும்' என்று யாரோ கீழே எழுதி வைத்திருந்தார்கள். நற்சான்றிதழ் சாருக்கு வந்தது, அதன் நகல் எனக்கு வந்தது. படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினோம்.

பின்னாலேயே உத்தரவும் வந்தது. 'மேற்படி கிணற்றில் நீர் நிரம்பியிருப்பது புகைப்படத்தால் நிரூபணமாவதால் வெடி வைக்க அனுமதி அவசியமில்லை. மேற்படி கிராமத்துக்குக் கோடையில் வாரம் ஒருமுறை அனுப்பிவரும் தண்ணீர் வண்டியும் இத்துடன் நிறுத்தப்படுகிறது.' குற்றம் சொல்ல முடியாத உத்தரவு. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

வண்டி வராத இரண்டாம் வாரம் மூக்காயி ஆபீஸுக்கு வந்தாள். சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றாள்.

"நாந்தானா இது?"

"நீங்கதான் ஆத்தா."

"வெடி எப்பத் தம்பி வரும்?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கனிவாக விளக்கினார். "இந்தா பாரும்மா. ரிக்கார்டுல கெணறு ரொம்பிக் கெடக்கு. ரொம்புன கெணத்துல வெடி வச்சா தண்ணி வீணாப் போயிரும். அரசாங்கம் அதுக்குச் சம்மதிக்காது."

மூக்காயி படத்திலிருந்த கிணற்றின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப உள்ள எடுங்க" என்றாள் என்னைப் பார்த்து. "எங்கிட்டும் படுக்க வேணாம். நின்னபடிக்குக் குனிஞ்சு எடுங்க."

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மறுநாள் கேமராவில் ரோல் போடாமல் பாறைக்குடிப்பட்டிக்குப் போனேன்.

ஊரில் பாதிப்பேர் கூடியிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கீழே வெறும் பாறை, ஒரு காய்ந்த கருவேலங்கிளை, ஆட்டுப் புழுக்கை. கோடும் போடவில்லை, மூலையும் தேடவில்லை. பாறையை நட்டநடுவில் வைத்து விசையை அழுத்தினேன். சத்தம் நன்றாகவே கேட்டது.

"எல்லாம் விழுந்துச்சா தம்பி?"

"விழுந்துருச்சு ஆத்தா."

அவள் எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

அதற்கப்புறம் வாராவாரம் மனு நாளன்று மூக்காயி வந்தாள். "படம் வந்துருச்சா?" என்று கேட்பாள். நானும் ஃபைலைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டி, "கழுவப் போட்டிருக்கு" என்பேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வது. ரோலைக் கழுவினால்தான் படம் தெரியும். சார் இந்தப் பதிலை மிகவும் ரசித்தார். பொய்யாக இருந்தாலும் 'டெக்னிக்கல்' ஆன பதில் என்று பாராட்டினார்.

ஐந்தாவது தடவையும் வந்தாள். உதடு வெடித்திருந்தது.

"இன்னும் வரலையா?"

"திருச்சியில கழுவிக்கிட்டு இருக்காங்க ஆத்தா."

"எம்புட்டு நாளா?"

"ஆச்சு, ஒரு மாசம்."

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"ஒரு மாசமாக் கழுவ, உங்களுக்கு மட்டும் தண்ணி எங்கிட்டு இருந்து தம்பி வருது?"